குவாட்டர்பேக்கை எப்படி எடைபோடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் டிராஃப்ட் பற்றி வந்த செய்தியைப் படித்தோம். எந்தக் கல்லூரி குவாட்டர்பேக் முதலில் போவார் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உயரம், எடை, எத்தனை யார்டு (ஒரு யார்டு 3 அடி) எறிவார் என்று மூன்று விவரம் கொடுத்திருந்தீர்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃபிளாக் ஃபுட்பால் (ஆளை விழத்தட்டாமல் இடுப்பு ரிப்பனை உருவும் அமெரிக்கன் ஃபுட்பால்) உண்டு என்று ஆன பிறகு வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பையன்களில் சிலர் இந்த நீள்வட்டப் பந்தையும் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தூரமாக எறிகிறவன்தான் பெரிய ஆள் என்று அந்தப் பட்டியல் அவர்களை நினைக்க வைக்கும். கொடுத்த விவரங்கள் பொய் இல்லை. ஆனால் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கோடிக்கணக்கில் பணம் கொட்டி ஏமாந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றையும் நம்பித்தான். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் தருவார். அதற்கு ஸ்னாப் என்று பெயர். அதை வாங்கும் குவாட்டர்பேக் பாஸ் எறியலாம், ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம். எதிரணி அவரைப் பந்தோடு, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் விழத்தட்டினால் சாக். ஒவ்வொரு ஏப்ரலிலும் 32 அணிகள் 7 சுற்றுகளாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு.

தோள் வலுவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2007-ல் முதல் ஆளாகப் போன ஜமார்கஸ் ரஸ்ஸல் போதும். பந்து அவர் கையிலிருந்து குண்டு மாதிரி போகும். 2010-ல் அணி அவரை விடுவித்துவிட்டது, அதோடு அவருடைய என்.எஃப்.எல். ஆட்டமும் முடிந்தது. மறுபக்கம் டாம் பிரேடி. 40 யார்டு ஓட்டத்துக்கு 5.28 விநாடி எடுத்துக்கொண்ட மெதுவான ஆள். 2000-ல் 6-வது சுற்றில், 199-வது ஆளாகப் போனார். என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை 7 தடவை வென்றார். இந்த இரண்டு பெயரை எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு அதைவிடப் பாடமாகத் தெரிவது ஒரே அணி செய்த இரண்டு தேர்வுகள்தான். 2021-ல் சான்ஃபிரான்சிஸ்கோ அணி 3 முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் கொடுத்து 3-வது இடத்துக்கு ஏறி, டிரே லான்ஸை எடுத்தது. கல்லூரியில் அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது 17 ஆட்டம். அடுத்த ஆண்டு அதே அணி டிராஃப்டின் கடைசி ஆளாக, 262-வது இடத்தில், புராக் பர்டியை எடுத்தது. அவர் நாலு ஆண்டும் அயோவா ஸ்டேட் கல்லூரி அணிக்கு ஆடித் தேய்ந்தவர். 2023-ல் லான்ஸை வேறு அணிக்கு ஒரு நாலாம் சுற்று வாய்ப்புக்குத் தள்ளிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அந்த அணியை சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனவர் பர்டி.

குவாட்டர்பேக்கின் வேலை பெரும்பாலும் 2.5 முதல் 3 விநாடிக்குள் முடிகிறது. என்.எஃப்.எல்.லில் ஸ்னாப்பிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை சராசரியாக 2.7 விநாடி ஆகிறது. இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் வீடியோவை நிறுத்தி நிறுத்தி நகர்த்தினால் 75 ஃபிரேம் 2.5 விநாடி, 90 ஃபிரேம் 3 விநாடி. ஒரு ஆட்டம் முழுக்க எழுதிக்கொண்டே வந்தால் ஆள் யார் என்று தெரியத் தொடங்கிவிடும். எப்போதும் 2 விநாடிக்குள் பந்தை விடுகிறவர் என்றால், பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கும் ஸ்க்ரீன் பாஸ்தான் அவருக்கு அதிகம் எழுதித் தரப்பட்டிருக்கிறது. எப்போதும் 3.3, 3.5 என்று போகிறது என்றால் கண் கண்டதை மனம் நம்பவில்லை. ரிசீவர், அதாவது பாஸைப் பிடிக்க ஓடுபவர், காவலிலிருந்து விடுபட்ட பிறகும் உறுதிக்காகக் காத்திருக்கிறார். கல்லூரியில் ரிசீவருக்கும் அவரை மறிக்கும் எதிரணிக் காவலருக்கும் நடுவே 3 யார்டு இடைவெளி கிடைக்கும்வரை நிற்கலாம். மேலே, என்.எஃப்.எல்.லுக்குப் போனால் 1 யார்டு கிடைத்தாலே அதிர்ஷ்டம். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கிளம்பியிருக்க வேண்டும்.

அடுத்ததாக எழுத வேண்டிய கணக்கு நெருக்கடியில் என்ன ஆகிறது என்பது. எதிரணி ஆள், குவாட்டர்பேக்கைக் காக்க அவர் அணியினரே நிற்கும் காவல் வரிசையை உடைத்து உள்ளே வந்துவிட்ட தடவைகளை மட்டும் தனியாக எடுத்து, அதில் எத்தனை சாக்கில் முடிந்தது என்று பாருங்கள். 100-க்கு 20 என்றால் சுமார். 15-க்குக் கீழே என்றால் நெருப்புக்கு நடுவிலும் பந்தை எங்கே போடுவது என்று தெரிந்தவர். 25-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். சாக் என்றாலே காவல் வரிசையின் தப்பு என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நெருக்கடி வருவதற்குக் காவல் வரிசை காரணமாக இருக்கலாம். அந்த நெருக்கடி சாக்காக முடிவதற்குப் பெரும்பாலும் குவாட்டர்பேக்கின் பழக்கமே காரணம். ஒருவர் அணி மாறினாலும், கல்லூரியிலிருந்து மேலே போனாலும், அந்தப் பழக்கம் கூடவே போகும். 2024-ல் முதல் ஆளாகப் போன கேலப் வில்லியம்ஸ் முதல் பருவத்தில் 68 தடவை சாக் ஆனார். பந்தைப் பிடித்துக்கொண்டு சுற்றும் பழக்கம் கல்லூரி வீடியோவிலேயே இருந்ததுதான். அடுத்த ஆண்டு புதிய பயிற்சியாளர் வந்து, காவல் வரிசையும் திருந்திய பிறகு அந்த எண் வெகுவாகக் குறைந்தது. ஆகவே இது மாற்றவே முடியாத குறை அல்ல. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய குறை.

இதில் பலர் தவறுகிற ஒரு இடம் உண்டு. கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழந்த யார்டுகளைப் பாஸ் கணக்கில் கழிப்பதில்லை, ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள். அதனால் 8 தடவை சாக் ஆகி 60 யார்டு இழந்தவருடைய பாஸ் கணக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கும். அவர் ஓட்டக் கணக்கில் ‘15 ஓட்டம், கழித்தல் 20 யார்டு’ என்று இருப்பதைப் பார்த்து, ஆளுக்கு ஓடத் தெரியாது என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அவர் 7 தடவை ஓடி 40 யார்டு எடுத்திருப்பார். இரண்டையும் பிரிக்காமல் கணக்கை நம்பக்கூடாது.

பாஸ் சேர்ந்த சதவீதமும் இப்படித்தான். விளங்குவதற்காக ஒரு கணக்கு. 400 பாஸில் 280 சேர்ந்தால் 70 சதவீதம். பார்க்க அழகாக இருக்கிறது. அதில் 100 ஸ்க்ரீன் பாஸ், 95 சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 300-க்கு 185, அதாவது 62-க்கும் குறைவு. இன்னொருவர் அதே 400 பாஸில் மொத்தம் 65 சதவீதம்தான், ஆனால் ஸ்க்ரீன் வெறும் 30 என்றால் அவர்தான் மேல். கழித்துப் பார்த்த பிறகும் கண்ணால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: பந்து ரிசீவருக்கு எங்கே போய்ச் சேர்ந்தது? ஓடுகிற வேகத்தில் நெஞ்சுக்கு முன்னால் வந்தால் அவர் பிடித்தபடியே இன்னும் 10 யார்டு ஓடுவார். முதுகுப் பக்கம் வந்தால் நின்று, திரும்பி, பிடித்து, அங்கேயே விழுவார். கணக்கில் இரண்டுமே ‘சேர்ந்தது’.

மைதானத்தைப் பற்றி ஒரு விஷயம். இதை யாரும் எழுதுவதில்லை என்பதால் நிதானமாகவே சொல்கிறோம். மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு தடவையும் பந்தை எங்கே வைத்துத் தொடங்குவது என்பதற்கு மைதானத்தின் நீளவாட்டில் இரண்டு வரிசைக் கோடுகள் உண்டு. கல்லூரியில் அந்த இரண்டுக்கும் நடுவே 40 அடி. என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் இடது கோட்டில் பந்து வைக்கப்பட்டால் இடப்பக்க எல்லை 60 அடி, வலப்பக்க எல்லை 100 அடி. ஒரு பக்கம் குறுகல், மறுபக்கம் பெருவெளி. ஆகவே காவல் அணி, அதாவது பந்து கையில் இல்லாத எதிரணி, எங்கே ஆட்களை நிறுத்தும் என்பது முன்பே ஓரளவு தெரிந்துவிடும். என்.எஃப்.எல்.லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமும் சமம். காவல் அணி ஒன்றைக் காட்டி வேறொன்றைச் செய்ய வசதி. கல்லூரியில் நன்றாகப் ‘படித்தவர்’ மேலே போய்த் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

அதே அகலம் தோள் வலுவைச் சோதிக்கவும் உதவுகிறது. கல்லூரி மைதானத்தின் இடது கோட்டிலிருந்து, ஸ்னாப் ஆகும் இடத்துக்கு 7 யார்டு பின்னால் நின்று, வலது எல்லைக்கு 2 யார்டு உள்ளே, 15 யார்டு முன்னால் நிற்கும் ரிசீவருக்கு எறிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் 94 அடி, நீளவாட்டில் 66 அடி. மூலைவிட்டம் போட்டால் பந்து பறக்கும் தூரம் சுமார் 115 அடி, 38 யார்டுக்குக் கொஞ்சம் மேல். கணக்கில் இது வெறும் 15 யார்டு பாஸ். ஆனால் இந்த எறிதல் தாழ்வாக, நேராகப் போகாமல் வானத்தில் வளைந்தால் காவலர் குறுக்கே வந்து பறித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடிவிடுவார். நிலவுக்கு எறிகிற 65 யார்டு பாஸைவிட இந்த 38 யார்டுதான் தோளைப் பற்றி உண்மை சொல்லும். கல்லூரியில் ரிசீவரின் ஒரு கால் உள்ளே பட்டால் போதும். என்.எஃப்.எல்.லில் இரண்டு காலும் பட வேண்டும். அதனால் எல்லையோரப் பாஸில் ஒரு அடி விலகல்கூட அங்கே மன்னிக்கப்படாது.

பந்து ஏன் விலகுகிறது என்றால் பெரும்பாலும் காலைத்தான் பார்க்க வேண்டும். முன்கால் அளவுக்கு மீறி நீட்டி வைக்கப்பட்டால் உடம்பு பின்னால் சாய்ந்து பந்து ரிசீவரின் தலைக்கு மேலே போகும். முன்தோள் சீக்கிரம் திறந்தால் பந்து முதுகுப் பக்கம் இழுபடும். நெருக்கடியில் பின்காலில் நின்றே எறிகிறவரின் பந்து கடைசி 5 யார்டில் செத்துவிடும். ஒருவர் எப்போதும் ஒரே மாதிரி தவறினால் அது திருத்தக்கூடிய கால். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு மாதிரி தவறினால்தான் பயம். கல்லூரியில் 56 சதவீதம் மட்டுமே சேர்த்த ஜாஷ் ஆலன் 2018-ல் 7-வதாகப் போய், கால்வேலையைத் திருத்திக்கொண்டு 2020-ல் 69 சதவீதம் எட்டினார். 2024 பருவத்தின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். ஆனால் ஆலன் ஒருவரைக் காட்டி, துல்லியம் இல்லாத ஒவ்வொரு பையனையும் ‘அடுத்த ஆலன்’ என்று எடுப்பது ஆபத்து. அப்படித் திருந்தியவர்கள் மிகக் குறைவு.

உயரம் பற்றிய பேச்சு ஓரளவு அடங்கிவிட்டது. 6 அடிதான் என்று டுரூ பிரீஸை 2001-ல் முதல் சுற்றில் யாரும் தொடவில்லை. 5 அடி 11 அங்குலம் ரஸ்ஸல் வில்சன் 2012-ல் மூன்றாம் சுற்று. இருவருமே சூப்பர் பவுல் வென்றார்கள். கை அகலத்தைக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளக்கிறார்கள். 9 அங்குலத்துக்குக் கீழே என்றால் மழையிலும் குளிரிலும் பந்து வழுக்கும் என்பது வாதம். சரியாக 9 அங்குலக் கை உள்ள ஜோ பரோ 2020-ல் முதல் ஆளாகப் போய் நிலைத்துவிட்டார். அளவைவிட, நெருக்கடியில் எத்தனை தடவை பந்தை நழுவவிட்டார் என்று எண்ணுவதே மேல்.

தாளில் வைக்கும் தேர்வுகளை நாங்கள் நம்புவதில்லை. 12 நிமிடத்தில் 50 கேள்வி கேட்கும் வொண்டர்லிக் தேர்வை 2022-ல் டிராஃப்டுக்கு முந்தைய தேர்வு முகாமிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2023-ல் சி.ஜே. ஸ்ட்ரவுட் இன்னொரு மூளை வேகத் தேர்வில் மிகக் குறைவாக வாங்கினார் என்று செய்தி கசிந்தது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் அவரே. அவரை எடைபோட வேண்டியவர்கள் 2022 டிசம்பர் 31 அன்று ஜார்ஜியா அணிக்கு எதிராக அவர் ஆடியதைப் பார்த்திருந்தால் போதும். நாட்டிலேயே கடுமையான காவல் அணி துரத்த, நகர்ந்து, நிமிர்ந்து, புள்ளி சேர்க்கும் டச்டவுன் பாஸ் 4 எறிந்தார். ஆட்டம் 42-41 என்று ஒரே புள்ளியில் அவர் அணியின் கைநழுவிப் போனது. பயனுள்ள வாய்மொழிச் சோதனை வேறு ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பலகையில் 3 ஆட்டத் திட்டம் கற்றுக்கொடுத்து, அழித்துவிட்டு, குடும்பம், படிப்பு என்று 20 நிமிடம் பேசிவிட்டு, திரும்ப வரைந்து காட்டச் சொல்வார்கள். வரைந்தால் மட்டும் போதாது. ‘காவலர் இந்தப் பக்கம் நகர்ந்தால் உன் கண் எங்கே போகும்?’ என்ற கேள்விக்கு வருகிற பதிலுக்குத்தான் மதிப்பெண்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ‘உடம்பு இருக்கிறது, வேகம் இருக்கிறது, ஆனால் ஆட்ட அறிவு போதாது’ என்ற வாக்கியத்தை அமெரிக்காவில் கறுப்பின குவாட்டர்பேக்குகள் மேல் பல காலம் ஒட்டினார்கள். வாரன் மூன் 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் என்ற கல்லூரிப் பெரிய ஆட்டத்தை வென்று சிறந்த வீரர் என்று பெயர் எடுத்தவர். அந்த ஆண்டு டிராஃப்டில் ஒரு அணியும் அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய்த் அந்த நாட்டு லீக்கின் கிரே கோப்பையைத் தொடர்ந்து 5 தடவை வென்ற பிறகுதான் என்.எஃப்.எல். கதவு திறந்தது. 2006-ல் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். 2018-ல் லாமார் ஜாக்சனை ரிசீவராக மாறச் சொன்னவர்கள் உண்டு. 32-வது ஆளாகப் போன அவர் 2019, 2023 இரண்டு பருவங்களிலும் சிறந்த வீரர். அதே வாக்கியம் வட சென்னைப் பிள்ளைகளுக்கும் பழக்கமானது. ‘வியாசர்பாடிப் பையனா, நல்லா ஓடுவான், விங்கில் போடு’ என்று கால்பந்து அணித் தேர்வு நாளில் பெயர் எழுதும்போதே இடத்தையும் எழுதிவிடுகிறார்கள். அவன் நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை நடத்துவானா என்று யாரும் பார்ப்பதில்லை. எண்ணி, அளந்து, எழுதிப் பார்க்கச் சொல்வது எங்களுக்கு இதனால்தான் இவ்வளவு முக்கியமாகப்படுகிறது.

எங்கள் பகுதிக்கு இது புதிய பாடமும் இல்லை. புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கினார். எவ்வளவு வேகமாகச் சுண்டுகிறார் என்று பார்த்து இங்கே யாரும் கேரம் ஆட்டக்காரரை மதிப்பதில்லை. காய் குழியில் விழுந்த பிறகு ஸ்டிரைக்கர் எங்கே போய் நிற்கிறது என்றுதான் பலகையைச் சுற்றி நிற்பவர்கள் பார்ப்பார்கள். அந்தக் கண் போதும்.

ஃபிளாக் ஃபுட்பாலுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு சோதனை. இதில் அணிக்கு 5 பேர். இடுப்பு ரிப்பனை உருவினால் ஆட்டம் நிற்கும். குவாட்டர்பேக்கைத் துரத்துபவர் 7 யார்டு தள்ளி நின்றுதான் ஓடிவர முடியும். மூன்று ரிசீவர்களுக்கு மூன்று நிற பனியன் கொடுங்கள். ஸ்னாப் ஆனதும் துரத்துபவர் ஓடிவரட்டும். அவருக்குப் பின்னால் நிற்கும் பயிற்சியாளர் ஒரு விநாடி கழித்து ஒரு நிற அட்டையைத் தூக்கட்டும். அந்த நிறத்துக்குத்தான் எறிய வேண்டும். துரத்துபவரையே பார்க்கிற பிள்ளைக்கு அட்டை தெரியாது. ஒருவருக்கு 20 பந்து. சேர்ந்ததற்கு 1, ஓடுகிற வேகம் குறையாமல் சேர்ந்தால் 2, தப்பான நிறத்துக்குப் போனால் கழித்தல் 1. முதல் 10 பந்தைக் காலையில் வையுங்கள். மீதி 10-ஐக் கடற்காற்று ஏறிய பிறகு கிழக்கே பார்த்து எறியச் சொல்லுங்கள். சுழற்சி இறுக்கமாக இருக்கும் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். தள்ளாடுகிற பந்து பாதியில் தொங்கிவிடும். ஒரு செல்போன், மூன்று அட்டை, 10 கூம்பு. செலவு அவ்வளவுதான்.

தங்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்த ஏப்ரலில் பட்டியல் போடும்போது உயரம், எடைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் சேருங்கள்: கல்லூரியில் எத்தனை ஆட்டம் தொடங்கினார், நெருக்கடி வந்த தடவைகளில் எத்தனை சாக், ஸ்க்ரீனைக் கழித்தால் எத்தனை சதவீதம் சேர்ந்தது. இடம் போதவில்லை என்றால் எறிகிற தூரத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
பயிற்சியாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை - 39.